ஈரல் புற்றுநோயும் சி வைரஸ் மருந்தும்: முதலில் எது?

ஹெபடைட்டிஸ் சி வைரஸ் ரத்தத்தில் பல்லாண்டுகள் தங்கி, கல்லீரலில் ஓயாத அழற்சியை உண்டாக்கி, நல்ல திசு இருந்த இடங்களைத் தழும்புத் திசுவால் நிரப்பி, ஈரலை இறுகச் செய்கிறது. சிரோசிஸ் எனப்படும் இந்த இறுக்க நிலையை அடைந்த சி வைரஸ் நோயாளிகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை ஈரல் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். இந்த வைரஸ் பெரும்பாலும் மஞ்சள் காமாலையாக வெளியே தெரிவதில்லை. எனவே கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த எச்சரிக்கை வராமலேயே போய்விடுகிறது. வடசென்னையின் எம்.கே.பி. நகரிலோ திருவொற்றியூரிலோ வசிக்கும் ஒரு தொழிலாளி, வயிற்றில் நீர் கோத்த பிறகு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால், வைரஸும் புற்றுக்கட்டியும் ஒரே சமயத்தில் கண்டறியப்படக்கூடும். அப்போது எதற்கு முதலில் மருந்து கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது.

1989ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸுக்கு நெடுங்காலம் இன்டர்ஃபெரான் ஊசியே மருந்தாக இருந்தது. ஆறு மாதமோ ஓராண்டோ போட வேண்டியிருந்த அந்த ஊசி, காய்ச்சலையும் மனச்சோர்வையும் தந்ததோடு, ஈரல் செயலிழந்தவர்களுக்குக் கொடுக்கவே முடியாததாகவும் இருந்தது. வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது இந்த நிலை மாறியது. ஒரு மாத்திரை ஆயிரம் டாலர் என்று அங்கே விலை வைக்கப்பட்டதால், பன்னிரண்டு வாரங்களுக்கான 84 மாத்திரைகள் 84,000 டாலராயின. 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்ததும் இங்கே விலை பல மடங்கு சரிந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோஃபோஸ்புவிரும் அதனோடு சேர்த்துத் தரப்படும் டக்ளாட்டாஸ்விர், வெல்பட்டாஸ்விர் ஆகியனவும் இலவசமாயின. இந்திய மருத்துவ வரலாற்றில் ஏழைகளுக்குக் கிடைத்த பெரிய நன்மைகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் 2016இல் ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு மருத்துவர்களைக் கலங்கச் செய்தது. புற்றுக்கட்டி முழுமையாக அகற்றப்பட்ட 58 பேருக்கு இந்தப் புதிய மாத்திரைகள் கொடுக்கப்பட்ட பின், சில மாதங்களுக்குள்ளாகவே அவர்களில் 16 பேருக்குக் கட்டி திரும்பிவந்தது. வைரஸ் சட்டென்று மறையும்போது, உடலின் எதிர்ப்பாற்றல் புற்றணுக்கள் மீது வைத்திருந்த கண்காணிப்பும் தளர்ந்துவிடுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் அந்த ஆய்வில் மருந்து பெறாதவர்களோடு ஒப்பீடு இல்லை. ஈரல் புற்றுநோயோ மருந்தில்லாமலும் அடிக்கடி திரும்பும் இயல்புடையது. வட அமெரிக்காவின் 31 மையங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 800 பேரின் பதிவுகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, மாத்திரை பெற்றதால் கட்டி கூடுதலாகத் திரும்பவில்லை என்று காட்டியது. அதே குழுவின் அடுத்த ஆய்வில், வைரஸ் நீங்கப்பெற்றவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. புற்றுநோய் நோயாளியின் உயிரைப் பல சமயங்களில் கட்டியைவிட, செயலிழக்கும் ஈரலே பறிக்கிறது என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

ஆகவே மருந்து வேண்டுமா என்பதைவிட எப்போது என்பதே இன்று முதன்மையான கேள்வி. கட்டி உயிரோடு இருக்கும்போது மாத்திரையின் வெற்றி குறைகிறது: பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கட்டி அடங்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு வைரஸ் நீங்க, கட்டி இருக்கையிலேயே மருந்து தொடங்கியவர்களில் அது எழுபத்து மூன்றளவிலேயே நின்றது. அதனால் கட்டியை அறுத்தோ, வெப்பத்தால் சுட்டோ, அதற்கு ரத்தம் செல்லும் வழியை அடைத்தோ அகற்றி, நான்கு முதல் ஆறு மாதங்கள் பொறுத்து, ஸ்கேனில் மீண்டும் தென்படவில்லை என்று உறுதிசெய்த பின் மாத்திரையைத் தொடங்கலாம் என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். மாற்று ஈரலுக்குக் காத்திருப்பவருக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடங்குவது பொருத்தமாக இருக்கலாம். புற்றுநோய் முற்றி, வாழ்நாள் சில மாதங்களே என்றாகிவிட்டவருக்கு வைரஸ் மருந்தால் பயனில்லை என்பதைக் குடும்பத்தாரிடம் கனிவாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

மாத்திரையைத் தொடங்குமுன் வடசென்னையில் கவனிக்க வேண்டிய ஒன்று காசநோய். அதற்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், சோஃபோஸ்புவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடுவதால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் அப்படியே. உடன் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறதா என்பதையும் முன்னரே சோதிக்க வேண்டும், ஏனெனில் சி அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும். இந்த மருந்து சென்றுசேர வேண்டிய இன்னொரு பிரிவினரும் உண்டு. ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்துக்கொள்வோரிடையே சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஆய்வொன்றில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் சி வைரஸுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த நோயை ஒழிக்க முடியாது.

மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரங்கள் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். எதிர்ப்பொருள் சோதனை அதற்குப் பிறகும் நோய் இருப்பதாகவே பல்லாண்டுகள் காட்டும். வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனையே உண்மையைச் சொல்லும். ஆனால் இறுகிய ஈரல் இறுகியபடியே இருப்பதால் புற்றுநோய் அபாயம் பெருமளவு குறைகிறதே தவிர, மறைவதில்லை. சிரோசிஸ் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஏற்கெனவே கட்டி வந்தவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் இன்னும் நெருக்கமாக சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவை. அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியவரிடம், வைரஸ் போய்விட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார். கடைசி மாத்திரைப் புட்டியை எழுதித் தரும் அதே சீட்டில் அடுத்த ஸ்கேனின் தேதியையும் எழுதித் தர வேண்டும்.