வாக்கர்: கம்பளி மிதித்தவர் வம்சம்

சென்ற வாரம் ஸ்மித் என்னும் கொல்லர் குலப்பெயரின் விருத்தாந்தத்தைப் பார்த்தோம். இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் வாக்கர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், ஊர் ஊராய் நடந்து திரிந்த எவனோ ஒருவனுடைய சந்ததியார் போலும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அப்பெயரைத் தாங்கிய ஆதிபுருஷர்களோ ஆயுள் முழுவதும் நடந்த நடையை ஒரு தொட்டிக்குள்ளேயே நடந்து தீர்த்தவர்கள்.

தறியிலிருந்து அறுத்தெடுத்த கம்பளித்துணி, ஆட்டுரோமத்தின் பிசுக்கும் நூற்போர் தடவிய எண்ணெயும் படிந்து, இழைகள் விலகி, குளிரையும் மழையையும் தாங்க வலுவற்றதாக இருக்கும். அதைத் தொட்டியிலிட்டு, தண்ணீருடன் நாட்பட்ட சிறுநீரையும், நம் பெண்மணிகள் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒருவகைக் களிமண்ணையும் சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்காக மிதிப்பார்கள். சிறுநீரிலுள்ள அமோனியா பிசுக்கை அறுக்கும். மிதிபட மிதிபட ரோமங்கள் ஒன்றோடொன்று சிக்குண்டு, துணி நீளத்திலும் அகலத்திலும் குறுகிக் கனத்துவிடும். பின்பு நன்றாக அலசி, வரிசையாகக் கொக்கி பதித்த மரச்சட்டங்களில் இழுத்து மாட்டி, திறந்தவெளியில் உலர்த்துவார்கள். துர்நாற்றத்திலும் ஈரத்திலும் நின்று இவர்கள் பட்ட பாடு இல்லையேல், இங்கிலாந்தின் கியாதி பெற்ற கம்பளித்துணி சந்தையில் ஒரு முழங்கூட விலை போயிராது.

இத்தொழிலாளிக்குத் தேசமெங்கும் ஒரே பெயர் வழங்கவில்லை. கெண்ட், ஸஸெக்ஸ், நார்ஃபோக் முதலிய தென்கிழக்கு, கிழக்குப் பிரதேசங்களில் அவன் ஃபுல்லர். டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். யார்க்ஷயர் முதலான வடபுறத்தில் வாக்கர். எக்ஸிட்டர் நகரத்தில் 1471இல் எழுந்த நெசவாளர் சங்க மண்டபம் இன்றளவும் டக்கர்ஸ் ஹால் என்றே விளங்குகிறது. 1066இல் நார்மானியர் வந்தபின் சிறிது சிறிதாகப் பரவி, 14ஆம் நூற்றாண்டளவில் பெரும்பாலும் ஸ்திரப்பட்ட குடும்பப்பெயர் வழக்கம், அந்தந்தப் பிரதேசத்தின் பேச்சை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, ரயிலும் ஆலைகளும் ஜனங்களை இடம்பெயர்த்த பிறகு எடுத்த 1881ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் படமாக வரைந்து பார்த்தாலும், மூன்று பெயர்களும் தத்தம் பழைய திசைகளிலேயே அடர்ந்து நிற்பதைக் காணும்போது மனத்தில் எழும் வியப்பு சாமானியமானதன்று. வாக்கர்கள் எல்லாரையும் இத்தொழிலோடு முடிச்சுப் போட்டுவிடவும் கூடாது. டைன் நதிக்கரையில் ஹேட்ரியன் மதிலருகே இருந்த சதுப்பு நிலத்தால் வாக்கர் எனப் பெயர்பெற்ற ஊரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்களும் உண்டு.

நீர்ச்சக்கரம் சுழற்ற, மரச்சம்மட்டிகள் மாறிமாறித் துணியை இடிக்கும் ஆலைகள் 1185ஆம் ஆண்டின் டெம்ப்ளர் சபைப் பதிவேட்டிலேயே காணப்படுகின்றன. இதனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கைத்தொழிற் புரட்சி என்றே 1941இல் வர்ணித்தார் சரித்திர ஆசிரியை கேரஸ்-வில்சன் அம்மையார். ஆகவே, குடும்பப்பெயர் நிலைபெற்ற காலத்தில் வாக்கர் எனப்பட்டவர்களில் அநேகர் தொட்டியில் இறங்காமல் ஆலையை மேற்பார்த்தவர்களாகவே இருந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கடல் கடந்த கிளை இதனினும் கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. 2010ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கில் வாக்கர் என்போர் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். குடும்பப்பெயர்களின் வரிசையில் அதற்கு 31ஆவது ஸ்தானம். அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் கறுப்பு இனத்தவர். அடிமைத்தளை அறுந்த காலத்தில் முந்தைய எஜமானரின் பெயரைச் சிலர் வைத்துக்கொண்டார்கள், வேறு சிலர் தாமாகவே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். விவாகத்தின் வழியாகவும் பெயர் பரவிற்று. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1867இல் லூயிசியானாவில் பிறந்த ஸாரா பிரீட்லவ், செயின்ட் லூயிஸ் நகரில் பிறர் துணிகளை வெளுத்து ஜீவனம் செய்தவர். 1906இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரில் கேசத் தைலங்களும் பூச்சுகளும் தயாரித்து விற்று, 1919இல் காலமாவதற்குள் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களைத் தம் விற்பனையாளர்களாகப் பழக்கிச் சம்பாதிக்க வைத்தார்.