அப்பாரு வண்டிக்கு ஆயுசு நூறு!

எஃப்.சி. வண்டிக்கே எஃப்.சி. இல்லைன்னா எப்படி இருக்கும்? எங்க தோட்டத்து மாட்டுக் கொட்டகையில 17 வருஷமா அப்படித்தான் நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஒரு மகிந்திரா எஃப்.சி. பிக்கப்!

முதல் எஃப்.சி.க்கு 'ஃபார்வர்டு கன்ட்ரோல்'னு அர்த்தம். ரெண்டாவது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாசாரம். 1973-ல அப்பாரு வாங்கின வண்டி இது. அப்பாவோட அப்பாவைப் பொள்ளாச்சிப் பக்கம் அப்பாருன்னுதான் கூப்பிடுவோம். தேங்காய், புண்ணாக்கு, கல்யாணப் பந்திச் சாமான், பிரசவ வலி வந்த அத்தைன்னு எல்லாத்தையும் சுமந்த வண்டி. அப்பாரு போனதும் அதுவும் படுத்துடுச்சு.

போன வருஷம் காயலான் கடைக்காரர் வந்து டயரை எட்டி உதைச்சுப் பார்த்தார். "கிலோ 30 ரூபாய்ங்க. மொத்தமா 40 ஆயிரத்துக்கு முடிச்சுக்கலாமுங்க" என்றார். அப்பா தலையாட்டிட்டார். நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை. வீட்டுல ஒரு ஜீப்பை எடைக்குப் போட்டுட்டு, காலேஜ்ல போய் ஆட்டோமொபைல் பேப்பர் எழுதினா நல்லாவா இருக்கும்? "ஒரு வருஷம் டைம் கொடுங்கப்பா"ன்னு கேட்டேன். கொடுத்தார். ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கிட்டு, செமஸ்டர் லீவுல ஸ்பானரோட இறங்கினோம்.

ஹீரோவோட பயோடேட்டா

அமெரிக்காவுல வில்லீஸ் கம்பெனி 1956-ல அறிமுகப்படுத்தின டிசைன் இது. ஜீப் சேஸிஸ்தான், ஆனா மூக்கு கிடையாது. டிரைவர் கிட்டத்தட்ட முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். நீளம் குறைவு, சாமான் வைக்க இடம் அதிகம். அங்கே 1965-ல நிறுத்தினாலும், இங்கே மகிந்திரா தொடர்ந்து தயாரிச்சது.

இன்ஜின் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். வெயில் காலத்துல காலை வேக வெச்சுடும்! எங்க வண்டியில இருந்தது 'ஹரிகேன்' பெட்ரோல் இன்ஜின். நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். இன்டேக் வால்வு மேலே ஹெட்ல, எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்ல. இதுக்கு 'எஃப் ஹெட்'னு பேரு. புக்ல படத்துல மட்டும் பார்த்ததைக் கையால தொட்டப்போ... சான்ஸே இல்லை!

கனவு லிஸ்ட்

எங்க பிளான் பெருசு. புது டீசல் இன்ஜின், பவர் ஸ்டீயரிங், அகல டயர், பின்னாடி பாடியை வெட்டி டிசைன், மேலே எல்.இ.டி. வரிசை. லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு, அப்பாரு காலத்துல இதே வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக் பெரியவர்கிட்ட போனோம். வெத்தலையை மென்னுக்கிட்டே முழுசாப் படிச்சார். அப்புறம் ஒரே கேள்வி கேட்டார்.

"நிக்காத வண்டிய எதுக்கு கண்ணு ஓட வெக்கறே?"

பிரேக்கை முதல்ல பாருன்னு சொல்றார். நாங்க கேட்டோமா? இன்ஜின் சத்தம் கேட்கணும்னு வெறி! ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி ஆயில் ஊத்தி, நாலு நாள் ஊற வெச்சு, மெதுவா சுத்தி, கார்புரேட்டரைக் கழுவினோம். ஒரு சாயந்திரம் இருமிக்கிட்டே ஸ்டார்ட் ஆயிடுச்சு. கத்தின கத்துல கறவை மாடு கயித்தை அறுத்துக்கிச்சு.

ரெண்டு முழ தூரம்

ஆர்வக்கோளாறுல ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் களத்துல உருட்டினேன். தண்ணித் தொட்டிகிட்ட தங்கச்சி செல்போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு நின்னா. பிரேக்கை மிதிச்சேன். பெடல் தரை வரைக்கும் போச்சு. வண்டி நிக்கலை. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிச்சு அசையவே இல்லை. இக்னிஷனை ஆஃப் பண்ணி ஸ்டீயரிங்கை ஒடிச்சு, தேங்காய் மட்டைக் குவியல்ல போய் முட்டினேன். தங்கச்சிக்கும் வண்டிக்கும் நடுவுல ரெண்டு முழம்தான் இருந்துச்சு.

அப்பா திட்டவே இல்லை. சாவியை வாங்கி மடியில செருகிக்கிட்டுப் போயிட்டார். ஒரு மாசம் தரலை. அந்த ஒரு மாசம் எனக்குத் தூக்கம் சரியா வரலை.

அப்புறம்தான் பெரியவர் சொன்ன வரிசைக்கு வந்தோம். பழைய ஜீப்ல பிரேக் 'சிங்கிள் சர்க்யூட்'. நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஏதாவது ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சாலும் நாலு பிரேக்கும் காலி! பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கா நின்ன வண்டியில அந்த ஈரம் சிலிண்டரை உள்ளுக்குள்ளேயே அரிச்சிருக்கும். அதனால எல்லா சிலிண்டர், ரப்பர், பைப், ஷூ எல்லாம் புதுசு போட்டோம். சென்னை புதுப்பேட்டையில ரெண்டு நாள் அலைஞ்சதுல பாதி கிடைச்சது; மீதிக்குக் கோவை லேத் பட்டறை. முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனின்னு 'டூயல் சர்க்யூட்' மாஸ்டர் சிலிண்டர் வெச்சோம். சீட் பெல்ட்டும் மாட்டினோம். பெருசா நாங்க மாத்தினது இந்த ரெண்டுதான்.

துருவுக்குக் கெமிஸ்ட்ரி

சின்னச் சின்ன பார்ட்ஸுக்கு எலக்ட்ரோலிசிஸ்! பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி, வாஷிங் சோடா. துருப்பிடிச்ச பார்ட் பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ்ல, வேண்டாத பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவ்ல. மறுநாள் துரு கறுத்துப் பொலபொலன்னு உதிரும். ஹைட்ரஜன் வரும்கிறதால திறந்த வெளியில செய்யணும். எவர்சில்வரைப் பாசிட்டிவ்ல மாட்டவே கூடாது. விஷத்தன்மையுள்ள குரோமியம் தண்ணியில கலக்கும். சுத்தம் பண்ணினதைக் காய வெச்சு அன்னிக்கே பிரைமர் அடிக்கலைன்னா, காலையில திரும்பத் துரு 'குட்மார்னிங்' சொல்லும்!

சட்டம் என்ன சொல்லுது?

எங்க டீசல் இன்ஜின் கனவுக்கு ஆப்பு வெச்சது சட்டம்தான். ஆர்.சி.யில பதிவான, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அனுமதியில்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாசம் வரை சிறைக்கும் வழியிருக்கு.

இன்னொரு பக்கம் நல்ல சேதி. 2021-ல வந்த விதிப்படி, பதிவாகி 50 வருஷம் தாண்டின சொந்த உபயோக வண்டிகளை 'வின்டேஜ்'னு பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. தினமும் ரோட்டுல ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரி காரணங்களுக்குத்தான். பாடியை வெட்டியிருந்தா அப்பாரு வண்டியோட அந்த வாய்ப்பையும் சேர்த்து வெட்டியிருப்போம்.

இதுவரைக்கும் செலவு ஒரு லட்சத்து பத்தாயிரம். பெயின்ட் இன்னும் பாக்கி. பழைய ஆர்.சி. புக்கை அப்பாரு டிரங்க் பெட்டியில இருந்து கண்டுபிடிச்சு வெச்சிருக்கோம். கிணத்துல இருந்து கேட் வரைக்கும்தான் இப்போ ஓட்டுறோம்.

போன ஞாயித்துக்கிழமை அப்பா மடியில இருந்து சாவியை எடுத்தார். கேட் வரைக்கும் ஓட்டினார். பிரேக்கை மிதிச்சார். பட்டுனு நின்னுச்சு. இறங்கி வந்து, "தேங்காய் லோடு ஏத்தினா தாங்குமா சாமி?" என்றார்.

காயலான் கடைக்காரர் இப்பவும் அந்தப் பக்கம் போறார். கேட்டைப் பார்க்கிறார். உள்ளே வர்றதில்லை!

நீங்களும் இறங்கப் போறீங்களா?

* முதல்ல பிரேக், அப்புறம் ஸ்டீயரிங், அப்புறம் இன்ஜின். பெயின்ட் கடைசி.

* சேஸிஸைச் சுத்தியலால தட்டிப் பாருங்க. 'டங்'னா சந்தோஷம், 'பொத்'னா உஷார்.

* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்டு கட்டாயம்.

* கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ, கழட்டின போல்ட்டுக்குப் பேர் எழுதின டப்பா.

* போல்ட்டைக் கழட்டினா பழையபடி ஆகுற மாற்றமா மட்டும் செய்யுங்க. அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டுச் செய்யுங்க.