மொனேயின் அல்லிக்குளமும் கண்புரையும்

"இந்த வயதில் எதற்கு?" என்று கண்புரைச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் முதியோர் பலரை அன்னூர்ப் பகுதியில் நாங்கள் காண்கிறோம். தம் தோட்டக் குளத்து அல்லி மலர்களை ஏறத்தாழ 30 ஆண்டுகள் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் கிளாத் மொனேயும் அவ்வாறே தயங்கியவர்தாம். 1912-இல் அவருக்குக் கண்புரை கண்டறியப்பட்டது. நாளடைவில் வண்ணங்கள் மங்கின. மருத்துவம் பயின்ற நண்பர் கிளெமான்சோ வற்புறுத்தியபின், 1923-இல், தம் 82-ஆம் வயதில் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மீண்டும் தூரிகை ஏந்தினார். அவருடைய அல்லிக்குளப் பேரோவியங்கள் 1927 முதல் பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவற்றின் படங்களை நண்பர்களோடு அமர்ந்து பார்த்து மகிழுங்கள். அவர்கள் நீலமென்று சொல்லும் நீர் உங்களுக்கு மட்டும் பழுப்பாகத் தெரிந்தால், கண் பரிசோதனைக்கு வாருங்கள். நண்பருக்கு அவ்வாறு தெரிந்தால், நீங்களே கையோடு அழைத்து வாருங்கள்.