எம்.எஸ்சி.யா, எம்.சி.ஏ.வா, எம்.இ.யா?

பி.காம். முடித்த மகளை எம்.சி.ஏ.வில் சேர்க்க முடியுமா?

முடியும். பிளஸ் 2விலோ பட்டப்படிப்பிலோ அவர் கணிதம் படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். வணிகக் கணிதம் மட்டும் படித்தவர்கள், அது ஏற்கப்படுமா என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இதற்கான நுழைவுத் தேர்வு டான்செட்; அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. எம்.எஸ்சி. கணினி அறிவியலுக்கு இந்தத் தேர்வு இல்லை. ஆனால் பெரும்பாலும் பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. போன்ற படிப்புகளை முடித்தவர்களையே எடுப்பார்கள்.

எம்.சி.ஏ. மூன்று வருடமாயிற்றே?

அது பழைய கணக்கு. 2020-21 முதல் இரண்டே ஆண்டுகள்.

கேட் எழுதாமல் எம்.இ. படிக்கலாமா?

படிக்கலாம். தமிழகத்தில் 2023 முதல் அதற்கென சீட்டா என்ற தேர்வு நடக்கிறது. இருந்தாலும் கேட் எழுதிவிடுங்கள் என்றே சொல்வேன். கேட் தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாக எம்.இ. சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 'மேல்படிப்புக்கு வீட்டில் வசதியில்லை' என்று ஒதுங்கும் பிள்ளைகளின் காதுக்கு இந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும். பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

எதைப் படித்தாலும் விரிவுரையாளர் ஆகலாம்தானே?

பலர் இடறி விழும் இடம் இதுதான். கலை, அறிவியல் கல்லூரிக்கு எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ.வில் 55 சதவீதமும், நெட், செட் அல்லது பிஎச்.டி. தகுதியும் வேண்டும். பொறியியல் கல்லூரியின் கணினிப் பொறியியல் துறையில் பி.இ.யும் எம்.இ.யும் கேட்பார்கள்; இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு இருக்க வேண்டும். அங்கே பி.எஸ்சி., எம்.எஸ்சி. செல்லாது. எங்கே வேலை பார்க்க ஆசை என்பதை முடிவு செய்துவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தால் மனம் நொந்து போகும்.

வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில்?

எம்.சி.ஏ. படிக்கலாம், இக்னோவிலேயே இருக்கிறது. எம்.இ.யைத் தொலைநிலையில் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படிப் படிக்க அனுமதியே இல்லை.

சேர்ந்துவிட்டால் பட்டம் உறுதியா?

இல்லை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை தேவை. முதுநிலையில் ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் எடுக்க வேண்டும். இளநிலையில் ஒப்பேற்றியது போல இங்கே நடக்காது. அரியர் ஒன்று பாக்கி இருந்தாலும் பட்டம் கைக்கு வராது.

அடுத்தது ப்ராஜெக்ட். எம்.சி.ஏ.வில் கடைசி செமஸ்டர் முழுக்க அதற்குத்தான், எம்.இ.யில் மூன்றாம் செமஸ்டரில் தொடங்கி நான்காம் செமஸ்டர்வரை இரண்டு கட்டமாக நீளும். இதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டும் கடைகள் கல்லூரி வாசலருகிலேயே இருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சிறியதாக இருந்தாலும் நீங்களே எழுதிய நிரலாக இருக்கட்டும். ஓடாத நிரலோடு நான்கு இரவு மல்லுக்கட்டிப் பிழையைக் கண்டுபிடிக்கிற பழக்கம் அங்கேதான் கைவருகிறது. வைவாவில் வெளித்தேர்வாளர் ஒரு வரியைச் சுட்டி 'இது எதற்கு?' என்று கேட்கும்போது பதில் உங்கள் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். வேலைக்கான நேர்காணலிலும் அதையேதான் கேட்பார்கள்.