அரை டாலருக்காக 41 ஆண்டு "காய்" விட்ட கல்லூரிகள்

1948-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி. சனிக்கிழமை காலை.

அமெரிக்காவில் அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே பர்மிங்ஹாம் நகரத்துப் பூங்கா ஒன்றில் இரண்டு கல்லூரி மாணவர்கள் குழி தோண்டினார்கள். குழிக்குள் ஒரு கைக்கோடரியைப் போட்டார்கள். மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

இது என்ன கூத்து?

அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கூட்டத்தார் சமாதானம் ஆகிவிட்டால், கோடரியை மண்ணில் புதைப்பார்கள். "இனி நமக்குள் சண்டை இல்லை" என்று அதற்குப் பொருள்.

கோடரியைப் புதைத்தவர்களில் ஒருவர் வில்லி ஜான்ஸ். அலபாமா பல்கலைக்கழக மாணவர் தலைவர். மற்றவர் கில்லிஸ் கேமக். ஆபர்ன் கல்லூரி மாணவர் தலைவர்.

அன்று பகல் அந்த இரண்டு கல்லூரிகளும் கால்பந்து ஆட இருந்தன. 41 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் ஆட்டம்!

பங்காளிகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் "புட்பால்" என்று சொல்லுவது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவமாக இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடலாம், எறியலாம், உதைக்கவும் செய்யலாம். எதிரி குறுக்கே விழுந்து கட்டிப் பிடித்து உருட்டுவான். நம் சடுகுடுவும் கால்பந்தும் கலந்தது போல் இருக்கும்.

அலபாமாவில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய தொழில்முறைக் கோஷ்டி கிடையாது. ஆகவே கல்லூரி ஆட்டம்தான் அந்த மாநிலத்துக்குத் திருவிழா. படிப்பு வாசனையே இல்லாத குடியானவரும் ஏதாவது ஒரு கல்லூரியின் பக்கம் இருப்பார்.

மேற்கே டஸ்கலூசா ஊரில் அலபாமா பல்கலைக்கழகம். 1831-ல் திறந்தது. வக்கீல்களையும் அரசியல்வாதிகளையும் உண்டாக்கியது. கிழக்கே ஆபர்ன் ஊரில் மற்றது. விவசாயமும் எந்திரத் தொழிலும் அங்கே பேர்பெற்ற படிப்புகள்.

1872-ல் மத்திய அரசின் நில மானியம் யாருக்கு என்று போட்டி வந்தது. ஆபர்னுக்குக் கிடைத்தது. டஸ்கலூசாவுக்கு வயிற்றெரிச்சல். இரண்டுக்கும் பணம் கொடுப்பது ஒரே மாநில சர்க்கார். ஒரே சொத்தைப் பங்கு போடும் பங்காளிகள் எப்படி இருப்பார்களோ, அப்படி இருந்தன அந்த இரண்டும்.

முதல் பந்தயம் 1893-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி பர்மிங்ஹாமில் நடந்தது. ஆபர்ன் 32–22 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தை எந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது என்பதில்கூட இரு தரப்பாருக்கும் ஒற்றுமை இல்லை! 1907 வரை 12 ஆட்டங்கள். ஆபர்னுக்கு 7 வெற்றி. அலபாமாவுக்கு 4. கடைசி ஆட்டம், 1907 நவம்பரில், 6–6 என்று சமமாக முடிந்தது.

எட்டணா விவகாரம்

அடுத்த ஆட்டத்துக்குப் பேச்சு நடந்தது. அங்கேதான் வினை பிடித்தது.

வெளியூர் வரும் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் தினப்படி கொடுப்பது வழக்கம். நம் ஊரில் "பேட்டா" என்போமே, அதுதான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்றரை டாலர் வேண்டும் என்றது ஆபர்ன். மூன்று டாலர்தான் என்றது அலபாமா. எத்தனை பேருக்குப் பேட்டா என்பதிலும் இழுபறி.

ரூபாயில் எட்டணா எப்படியோ, அப்படித்தான் டாலரில் அரை டாலர். அதற்காக இரண்டு பெரிய கல்லூரிகள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

இன்னொரு தகராறு, நடுவரைப் பற்றியது. வடக்கே இருந்து நடுவர் வரட்டும் என்றது ஆபர்ன். தெற்கத்திக்காரர்தான் வேண்டும் என்றது அலபாமா. வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்துபோனது. ஆனாலும் அந்த நினைவு மனத்தைவிட்டுப் போகவில்லை.

கடைசியில் ஒருவாறு இணக்கம் ஏற்படும்போது காலம் கடந்துவிட்டது. ஆட்டத்துக்கு வைக்க நாளே இல்லை. 1908-ல் பந்தயம் இல்லை. அடுத்த ஆண்டும் இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை.

குழந்தைகள் "காய்" விட்டால் மறுநாள் "பழம்" விட்டுவிடும். பெரியவர்கள் காய் விட்டால்?

வாய்ச் சண்டை

இடையில் உலகம் இரண்டு மகா யுத்தங்களைப் பார்த்தது. அலபாமா கோஷ்டி 1926-ம் ஆண்டு புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவுக்கே போய், வாஷிங்டன் கோஷ்டியை 20–19 என்று வென்று வந்தது. அவ்வளவு தூரம் ரெயிலில் போய் ஆடத் தயார். பக்கத்திலே இருக்கும் ஆபர்னோடு ஆட மாட்டோம்!

ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கல்லூரி, தம்பி மற்றக் கல்லூரி என்று இருந்தார்கள். "எங்கள் கோஷ்டிதான் பெரிது" என்று சாப்பாட்டு மேஜையில் வாய்ச் சண்டை. யார் பெரியவர் என்று காட்ட மைதானம்தான் இல்லை.

ஆட்டத்தை மறுபடி தொடங்க அவ்வப்போது முயற்சிகள் நடந்தன. பலிக்கவில்லை. "ஆட ஆரம்பித்தால் மாணவர்கள் படிப்பை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு பந்தயமே ஆண்டு முழுவதற்கும் பேச்சாகிவிடும்" என்று கல்லூரித் தலைவர்கள் பயந்தார்கள். அடிதடி வரும் என்ற பயமும் உண்டு.

சட்டசபை தலையிட்டது

1947-ல் விஷயம் மாநிலச் சட்டசபைக்கே வந்துவிட்டது. இரண்டு கல்லூரிகளும் ஆட வேண்டும் என்று கீழ்ச்சபை தீர்மானம் போட்டது. தீர்மானம் ஒரு வேண்டுகோள்தான். ஆனால் வேண்டுகோள் விடுத்தவர்கள் யார்? இரண்டு கல்லூரிகளுக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள்! "ஆடாவிட்டால் மானியத்தில் கை வைப்பார்கள்" என்று பேச்சு அடிபட்டது.

அப்போது அலபாமாவுக்குத் தலைவர் ஜான் காலலீ. ஆபர்னுக்கு ரால்ப் டிரான். இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு தலைவர்கள் நேரில் பேச, 40 ஆண்டு முடிச்சு அவிழ்ந்தது. பர்மிங்ஹாமில் ஆடுவது, டிக்கெட்டுகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று 1948-ல் முடிவாயிற்று. அரை டாலர் பேட்டாவைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

55–0

அன்று லீஜன் பீல்டு மைதானத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அடிதடி நடக்கும் என்று பயந்தவர்கள் ஏமாந்து போனார்கள். கலகம் எதுவும் இல்லை.

ஆட்டம்தான் கலகம் போல் இருந்தது. அலபாமா 55. ஆபர்ன் பூஜ்யம்!

41 ஆண்டு காத்திருந்து இப்படியா உதை வாங்க வேண்டும்? அந்தப் பருவம் முழுவதிலும் ஆபர்ன் ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம்தான். ஆனாலும் ஆபர்ன் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் வந்தது.

1949-ல் அலபாமாதான் சுலபமாக ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஆபர்ன் 14, அலபாமா 13. எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் இன்னொரு புள்ளி. அந்த ஒரு புள்ளி கிடைத்தால் சமம்.

உதைக்க வந்தவர் எட் சேலம். (பேர்தான் சேலம். நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.) முந்திய ஆண்டு ஆபர்னைக் கதிகலங்க அடித்தவர் அவர்தான். உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது!

அன்று முதல் அந்தப் பந்தயம் ஓர் ஆண்டுகூட நின்றதில்லை. பர்மிங்ஹாம் இரும்பும் எஃகும் வார்த்து வளர்ந்த நகரம். ஆகவே "இரும்புக் கிண்ணம்" என்ற பொருளில் "அயன் பவுல்" என்று பந்தயத்துக்குப் பேர் வந்தது. ஆபர்ன் கோஷ்டி 1989-ல்தான் முதல் தடவையாகத் தன் ஊரில் அலபாமாவை வரவழைத்து ஆடியது. 30–20 என்று ஜெயித்தது.

பழைய தலைவர்களின் பயம் அடியோடு பொய் என்றும் சொல்ல முடியாது. 2010-ல் ஆபர்ன் ஜெயித்த பிறகு, அலபாமா ரசிகர் ஒருவர் ஆபர்ன் கடைவீதி முனையில் நின்ற பெரிய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார். மரங்கள் பட்டுப்போயின. 2013-ல் வெட்டி எடுத்தார்கள். அந்த மனிதர் சிறைக்குப் போனார். மரம் என்ன பாவம் செய்தது?

ஆட முடியாதவர்கள்

1948-ல் கோடரியைப் புதைத்தார்கள், சரி. எல்லோருக்கும் சமாதானம் வந்ததா?

இல்லை. மைதானத்தில் இறங்கிய 22 பேரும் வெள்ளைக்காரர்கள். அந்த இரண்டு கல்லூரிகளிலும் நீக்ரோ மாணவர்களுக்கு இடமே கிடையாது. "நீக்ரோ" என்ற சொல் அந்தக் காலத்துச் சொல். இன்று கறுப்பினத்தவர் என்கிறோம். அவர்களும் வரி கட்டினார்கள். அந்த வரிப்பணமும் இரண்டு கல்லூரிகளுக்கும் போயிற்று. அவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள், தனிக் கோஷ்டிகள்.

1963-ல் விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர வந்தார்கள். மாநில கவர்னர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்துக்கொண்டு தாமே நின்றார்! ஜனாதிபதி கென்னடியின் உத்தரவின் பேரில் படைவீரர்கள் வந்த பிறகுதான் விலகினார். ஆபர்னில் 1964-ல் ஹரால்டு பிராங்க்ளின் சேர்ந்தார்.

பந்தாட்டத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. ஆபர்ன் ஜேம்ஸ் ஓவன்ஸ் என்ற கறுப்பின வாலிபரைச் சேர்த்துக்கொண்டது. அலபாமா வில்பர் ஜாக்சனைச் சேர்த்துக்கொண்டது.

1972-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அதே லீஜன் பீல்டில் பந்தயம். ஓவன்ஸ் ஒரு பக்கம், ஜாக்சன் எதிர்ப்பக்கம். கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது அலபாமா 16, ஆபர்ன் பூஜ்யம். ஆபர்ன் முதலில் 3 புள்ளி எடுத்தது. அப்புறம் அலபாமா உதைத்த பந்தை ஆபர்னின் பில் நியூட்டன் பாய்ந்து தடுத்தார். டேவிட் லாங்னர் அதை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடினார். சில நிமிஷம் கழித்து மறுபடியும் உதை. மறுபடியும் நியூட்டன் தடுத்தார். மறுபடியும் லாங்னர் ஓடினார்!

ஆபர்ன் 17, அலபாமா 16.

ஆபர்ன்காரர்கள் அந்த எண்களைச் சீட்டில் அச்சடித்துக் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு, மாநிலம் பூராவும் ஓட்டினார்கள்.