ஒரே வீட்டுத் தோட்டத்தில் 2,673 உயிரினங்கள்!

விதவிதமான பூச்சிகளையும் பறவைகளையும் பார்க்கக் காட்டுக்குத்தான் போகவேண்டும் என்று நினைக்கிறீர்களா? இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்த ஒரு வீட்டுத் தோட்டத்தின் கதையைக் கேளுங்கள்.

விலங்கியலாளர் ஜெனிஃபர் ஓவன் குடியிருந்த வீடு அது. தோட்டத்தின் பரப்பு 741 சதுர மீட்டர். நம் கணக்கில் மூன்று கிரவுண்டுக்குச் சற்று அதிகம். புல்தரை, பூச்செடிகள், காய்கறிப் பாத்தி என்று சாதாரணத் தோட்டம்தான். பூச்சிமருந்து மட்டும் அடிக்கவில்லை. 1972 முதல் 2001 வரை, 30 ஆண்டுகள், அங்கே கண்ட செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் குறித்துவைத்தார். கடைசிக் கணக்கு 2,673 இனங்கள்! அதில் பூச்சிகள் மட்டுமே 1,997. அறிவியல் உலகம் அதுவரை அறியாத சில குளவிகளும் அங்கே கிடைத்தன.

ஒரு வீட்டிலேயே இவ்வளவு என்றால், ஊர் முழுக்க? ஷெஃபீல்ட் நகரில் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, நகர்ப்பகுதியில் சுமார் 23 சதவீதம் வீட்டுத் தோட்டங்களாக இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் துண்டு நிலம். சேர்த்துப் பார்த்தால் ஊரின் கால்வாசி!

ஆனால், கார் நிறுத்த வீட்டு முன்புறத்தில் சிமென்ட் தளம் போடும் பழக்கம் அங்கும் வந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடியது. 2007-ல் இங்கிலாந்தில் பெருவெள்ளம். அடுத்த ஆண்டே விதி மாறியது. வீட்டு முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, நீரைத் தெருவுக்கு விடுவதென்றால் அனுமதி வாங்கவேண்டும்.

தமிழ்நாட்டிலும் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆனால், அதற்குக் குழி தோண்டிய அதே வீட்டில், 'காலில் சேறு ஒட்டுது, இலை விழுந்து குப்பையாகுது' என்று கொல்லை முழுக்க டைல்ஸ் பதிக்கிறோம்.

பெரிய இடம் வேண்டாம். மதில் ஓரம் இரண்டடி மண்ணை மூடாமல் விடுங்கள். எலுமிச்சையோ கறிவேப்பிலையோ வையுங்கள். இலையைப் புழு கடித்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். அந்தப் புழுதான் சில வாரங்களில் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். சருகைக் கொளுத்தாமல் செடியடியிலேயே போடுங்கள், மட்கி உரமாகிவிடும்.

நிலப் பத்திரம் உங்கள் பேரில் இருக்கலாம். ஆனால், அங்கே இறங்கும் மழைநீர் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போய்ச்சேரும். அடுத்தமுறை கொத்தனார் வரும்போது, 'இந்த ஓரத்தை மட்டும் அப்படியே விட்டுடுங்க' என்று சொல்லிப் பாருங்களேன்!