ஓசையும் உறுப்பும்: பழைய மோட்டார் சைக்கிளைச் சோதித்து அறியும் முறை

ஓசைகளுக்குப் பெயரிட்டு வழங்குவதில் தமிழ் மிக்க வளமுடையது. கடகட, கரகர, நறநற, கிறீச் என்னும் ஒலிக்குறிப்புச் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு மோதலையும் உரசலையும் உணர்த்துவன. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைபேச நிற்பவர்க்கும் இச்சொற்கள் பயன்படும். ஆயினும், ஓசையின் பெயரை மட்டும் கொண்டு பழுதுற்ற உறுப்பைக் கண்டுவிட இயலாது. உலோகம் ஓசையைத் தொலைவுக்குக் கடத்துவதால், பின்சக்கரத்திற் பிறந்த ஓசை காலடியிற் கேட்பதுண்டு. ஆகவே, அவ்வோசை எதனோடு ஒத்து நடக்கிறது என்று ஆராய்வதே முறை. எஞ்சினின் சுழற்சியோடா, சக்கரத்தின் சுழற்சியோடா, வண்டி இழுக்கும் பாரத்தோடா என்னும் மூன்று வினாக்களே இதற்குப் போதுமானவை.

மலேசியாவில் ‘கப்சாய்’ எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு முன்னோடி, 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் ஆகும். 2017-ஆம் ஆண்டில் அவ்வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. தோட்டப்புறங்களில் தந்தை வேலைக்குச் செல்வதும், பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் இத்தகைய வண்டியிலேயே. பல குடும்பங்களுக்குக் கைமாறிய வண்டிதான் எட்டும் விலையில் கிடைக்கிறது. ஓடும்போது சங்கிலி அறுந்து சக்கரத்திற் சிக்கினால் வண்டியில் இருப்போர் உயிருக்கே ஆபத்து. எனவே இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று.

விசை செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினிற் பிறக்கும் விசை கிளட்ச் வழியாகக் கியர்ப் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து முன் பற்சக்கரம், சங்கிலி, பின் பற்சக்கரம் ஆகியவற்றின் வழியே சக்கரத்தின் குடத்தைச் சேர்கிறது. பின் பற்சக்கரத்துக்கும் குடத்துக்கும் இடையே, அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகள் உள்ளன.

முதற்சோதனை, நின்ற நிலையிற் செய்வது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கேட்க வேண்டும். ஓசையும் அதனோடு கூடிக் குறையுமாயின், பழுது எஞ்சினைச் சார்ந்தது. சங்கிலியின்மேற் பழி சுமத்துதல் பொருந்தாது. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின் உறையில் வைத்துப் பிடியைக் காதருகே கொண்டால், ஓசை எப்பகுதியில் மிகுகிறது என்பது விளங்கும். 1816-ஆம் ஆண்டில் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நெஞ்சின் ஒலியைக் குழல்வழிக் கேட்டதும் இத்தகைய முறையே.

இரண்டாம் சோதனையில், எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, ஆளரவமற்ற பாதையில் வண்டியைத் தள்ளி உருட்ட வேண்டும். இப்போது எஞ்சின் சுழலாது. ஆனால் முன் பற்சக்கரமும் சங்கிலியும் பின்சக்கரமும் சுழலும். அப்போதும் ஓசை நீடிக்குமாயின் பழுது இவற்றிலோ, சக்கரப் பேரிங்கிலோ, பிரேக்கிலோ இருத்தல் வேண்டும். கரகரவென்பது பெரும்பாலும் தேய்ந்த பேரிங். நறநறவென்பது மணலேறிய சங்கிலி. கிறீச்சிடுவது எண்ணெய் காணாத கண்ணி. கடகடவென்பது தளர்ந்து உறையில் அடிபடும் சங்கிலி.

மூன்றாவது, பாரச் சோதனை. மேட்டில் ஏறும்போது மிகுந்து, வேகப்பிடியைத் தளர்த்தியதும் குறையும் ஓசை, விசையைத் தாங்கும் பற்களுக்கு உரியது. ஒரு கியரில் மட்டும் கேட்பின், அக்கியரின் பற்கள் பழுதுற்றவை எனலாம். எல்லாக் கியர்களிலும் ஒரே தன்மையாகக் கேட்பின், சங்கிலியையும் பற்சக்கரங்களையும் நோக்க வேண்டும். வேகப்பிடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’கென ஓர் இடி எழுமாயின், குடத்து ரப்பர்கள் நைந்திருக்கலாம், அல்லது சங்கிலி மிகத் தளர்ந்திருக்கலாம்.

இவற்றுக்குப்பின் கணக்கு துணைக்கு வரும். எஞ்சினை அணைத்து, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, டயரில் ஓரிடத்திலும் சங்கிலியின் ஒரு கண்ணியிலும் சுண்ணக்கட்டியாற் குறியிடுக. முன் பற்சக்கரத்துக்கு 14 பற்கள், பின் பற்சக்கரத்துக்கு 35 பற்கள், சங்கிலிக்கு 98 கண்ணிகள் எனக் கொள்க. சக்கரம் ஒருமுறை சுழல, முன் பற்சக்கரம் இரண்டரை முறை சுழலும். சங்கிலி ஒரு சுற்று முடிக்கவோ, சக்கரம் 2.8 முறை சுழல வேண்டும். சக்கரத்தைக் கையாற் சுழற்றுகையில், ஒவ்வொரு சுற்றிலும் டயர்க்குறி ஒரே இடத்துக்கு வரும்போது ஓசை எழுமாயின், பழுது பின் பற்சக்கரத்திலோ பிரேக்கிலோ உள்ளது. இரு சுற்றுகளில் ஐந்து முறை எழுமாயின் முன் பற்சக்கரத்தை ஐயுறலாம். குறியிட்ட கண்ணி குறித்த ஓரிடத்துக்கு வரும்போது மட்டும் எழுமாயின், சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி இறுகியுள்ளது. எஞ்சின் ஓடும்போது இச்சோதனையை ஒருபோதும் செய்தலாகாது. சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே அகப்பட்ட விரல் மீளாது.

சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்பது உலக வழக்கு. உண்மையில் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் முளைகளும் அவற்றைச் சூழ்ந்த குழல்களும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியும் சிறிது இடம் கொடுக்கிறது. இன்றைய உருளைச் சங்கிலியை 1880-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சிறு வண்டிகளின் சங்கிலியில் முளைக்கும் முளைக்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். எனவே, இழுத்துப்பிடித்த புதுச் சங்கிலியில் முதல் முளையிலிருந்து இருபத்தோராம் முளைவரை 254 மில்லிமீட்டர் இருக்கும். அது 259-ஐ எட்டினால் தேய்மானம் இரண்டு விழுக்காடு; அச்சங்கிலி கழிக்கத்தக்கது.

ஓசையை மறைக்கவும் வழிகள் உண்டு. கெட்டியான மசகைப் பூசினால் சில நாள் அமைதி கிடைக்கும். சங்கிலியை அளவுக்குமீறி இறுக்கினால் கடகடப்பு ஒழியும். பேரிங்குகளோ விரைவில் அழியும். கொக்கிபோல் வளைந்த பழைய பற்களின்மேல் புதுச் சங்கிலியைப் பூட்டுவதும் உண்டு; அப்புதுச் சங்கிலி நெடுநாள் உழைக்காது. ஆதலால் கேட்பதோடு நில்லாமல், சங்கிலி உறையைத் திறந்து பற்களின் வடிவையும் காணுதல் நன்று. விற்பவர் அதற்கு இசையாராயின் அதுவே ஒரு விடையாகும்.

ஓசையுள்ள வண்டி எல்லாம் தள்ளத்தக்கதன்று. சங்கிலியும் இரு பற்சக்கரங்களும் ஒருசேர மாற்றத்தக்கவை. அச்செலவை விலையிற் குறைத்துக் கேட்கலாம். கியர்ப் பெட்டியின் பழுதோ, எஞ்சினைப் பிரித்தாலன்றித் தீராது. சில வேளைகளில் வண்டியின் விலையையே விழுங்கிவிடும். உரத்துக் கேட்பது சிறு பழுதாகவும், மெல்லக் கேட்பது பெரும் பழுதாகவும் இருத்தல் கூடும். எதனோடு ஒத்து ஒலிக்கிறது என்று கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும்.